சன்னலில் வெளிச்சம், வீதியில் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

இரவில் வீடுகளைப் படமெடுப்பது பற்றி ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்ததால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருவர் புறநகர் வீடுகளை இரவில் எடுத்த படங்களை அண்மையில் பார்த்தேன். ஆள் இல்லை, நிகழ்ச்சி இல்லை. ஏதோ ஒரு சன்னலில் மட்டும் வெளிச்சம். ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இவற்றில்?
– ஒரு வாசகர், பாரதி நகர், ராமநாதபுரம்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் டாட் ஹைடோவின் படங்களுக்குப் பொருந்துகின்றன. ஒஹையோ மாநிலத்தின் கென்ட் நகரில் 1968இல் பிறந்து, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழ்ந்துவரும் அவர், புறநகர்த் தெருக்களில் இரவில் காரில் சுற்றி எடுத்த வீடுகளின் படங்கள் 2001இல் நூலாக வெளிவந்தன. தம்முடையதென்று ஒரு விளக்கைக்கூட அவர் அங்கே கொண்டுபோய் வைப்பதில்லை. தெருவிளக்கும் வீட்டு விளக்கும் தரும் வெளிச்சத்தையே, முக்காலியில் நிறுத்திய கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்துச் சேகரிக்கிறார். அதே நாட்டின் கிரெகரி க்ரூட்சன், இதற்கு நேர்மாறாக, திரைப்படக் குழுவைப் போன்றதொரு பெரும் குழுவையும் விளக்குகளையும் கொண்டுவந்து, தெருவில் ஆட்களை நிறுத்தி, ஒவ்வொரு அங்குலத்தையும் ஒழுங்கு செய்து எடுப்பவர். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கும் ஈர்ப்பு ஹைடோவின் வழியில்தான் தூய்மையாகக் கிடைக்கிறது.

ஈர்ப்புக்கு முதற்காரணம் நம் கண்ணின் இயல்பில் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் பிரித்தறியும் திறன் இல்லை. எனவே இரவுத் தெருவில் நடக்கும்போது சுவரும் செடியும் வானமும் சாம்பலும் கறுப்புமாகவே நமக்குத் தெரிகின்றன. கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. 15 விநாடியோ 30 விநாடியோ திறந்திருந்தால், சுவரின் வெளிர்பச்சையும் தெருவிளக்கின் ஆரஞ்சும் மேகத்தின் ஊதாவும் அதில் படிந்துவிடுகின்றன. நாம் தினமும் கடந்துபோகும் இடத்தின், ஆனால் நாம் ஒருநாளும் பார்த்திராத ஓர் இரவைப் படம் நமக்குக் காட்டுகிறது. பழக்கமும் அந்நியமும் ஒரே சட்டத்துக்குள் இருப்பதால்தான் கண் அங்கிருந்து நகர மறுக்கிறது.

சன்னலின் வேலை இதைவிட நுட்பமானது. பகலில் வீட்டுக்குள் இருப்பவர் தெருவைப் பார்க்கிறார். தெருவில் இருப்பவருக்குச் சன்னல் வெறும் இருண்ட கட்டம். உள்ளே விளக்கைப் போட்ட கணத்தில் இது தலைகீழாகிவிடுகிறது: உள்ளிருப்பவருக்குக் கண்ணாடியில் தம் முகமே தெரிய, வெளியே நிற்பவருக்கு வீடு திறந்துகொள்கிறது. திரைச்சீலை மூடியிருந்தாலும், யாரோ விழித்திருக்கிறார்கள் என்னும் செய்தி வெளியே வந்துவிடுகிறது. யார், ஏன் என்பவை வருவதில்லை. அந்த இடைவெளியைப் பார்ப்பவர் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்து நிரப்புகிறார். படத்தில் ஒரு மனிதர் தோன்றிவிட்டால் அது அவருடைய கதையாகிவிடும். தோன்றாதவரை அது நம்முடையது.

அமெரிக்கப் புறநகருக்கென்று தனியான ஒரு காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வீட்டுக்கடன் எளிதாகக் கிடைத்ததால், ஒரே வரைபடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் அங்கே கட்டப்பட்டன. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947இல் தொடங்கிய லெவிட்டவுனில் நான்கைந்து ஆண்டுகளுக்குள் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பகலில் அச்சில் வார்த்தவைபோலத் தோன்றும் இத்தகைய வீடுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது, பெரும்பாலும், இரவில் உள்ளே எரியும் விளக்குதான். அந்தத் தனிமையும் ஒரே மாதிரித்தன்மையும் அந்த மண்ணுக்குரியவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் செல்வோம்.

கேள்வி: எங்கள் ஊரில் வீடுகள் நெருங்கி நெருங்கி இருக்கின்றன. இரவு பத்து மணி வரை வாசலில் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்; கதவும் திறந்தே கிடக்கும். அமெரிக்கப் படங்களில் உள்ள அமைதி இங்கே கிடைக்கவே கிடைக்காது. இந்த வகைப் படத்தை நம் கடற்கரையில் எடுக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்

பதில்: அந்த அமைதியைத் தேடினால் கிடைக்காது; தேடவும் வேண்டாம். வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து உள்ளே போகும்வரை காத்திருந்து, ஆளற்ற தெருவை எடுத்து, அதற்கு ஒரு சோகத்தைப் பூசிக் காட்டும் படங்கள் அண்மைக் காலத்தில் நிறைய வருகின்றன. அவை நம் ஊரின் முகவரியோடு வேறோர் ஊரின் மனநிலையைச் சுமந்துவருகின்றன. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வீட்டின் விளக்கு யாருக்காக எரிகிறது? இந்தக் கடற்கரையில் அதற்கு மிகத் தெளிவான விடைகள் இருக்கின்றன.

விசைப்படகுகள் கடலுக்குச் சென்றிருக்கும் இரவில் மீனவர் தெருவைப் பாருங்கள். படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் இரவில் அதே தெருவைப் பாருங்கள். எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, எது விடியும்வரை எரிகிறது, எந்த அடுப்படியில் விடியற்காலையில் வெளிச்சம் வருகிறது என்பவை எல்லாம் மாறியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் நடைமுறையில் உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், உங்களைப் போன்ற ஒரு புகைப்படக்காரருக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. விசைப்படகுத் தொழிலாளர்கள் வீட்டில் இருக்கும் அந்த நாட்களில் ஒருமுறையும், தடை நீங்கிய பிறகு ஒருமுறையும், ஒரே இடத்தில் முக்காலியை நிறுத்தி ஒரே வீட்டை எடுத்தால், இரண்டு படங்களில் ஒன்றிலும் ஆள் தெரியாமலே ஒரு குடும்பத்தின் தொழில் தெரிந்துவிடும். இதை அமெரிக்கப் புறநகரில் எடுக்க முடியாது.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் வேறொரு வகை வீடு இருக்கிறது. வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ உழைத்த பணத்தில் எழுந்த பெரிய மாடிவீடு. கட்டியவர்கள் அங்கேயே இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். உறவினரோ வேலையாளோ மாலையில் வந்து வாசல் லைட்டை மட்டும் போட்டுவிட்டுப் போவார். உள்ளே அத்தனை சன்னலும் இருட்டு. வெளியே ஒற்றை விளக்கு. ஹைடோவின் வீடுகளில் உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. இது அதற்கு நேர் எதிர். விளக்கு எரிவதே ஆள் இல்லை என்பதற்கு அடையாளமாகிவிடும் இந்த வீடுகள் தனியொரு தொகுப்பாக எடுக்கப்பட வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து. அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது; கீழக்கரை வாசகியின் கேள்விக்கான பதிலில் அதைச் சொல்கிறேன்.

புறநகர் என்னும் சொல்லுக்குச் சரியாகப் பொருந்தும் இடம் வேண்டுமென்றால், பட்டினம்காத்தான் பக்கம் விரிந்துகொண்டே போகும் புதுமனைகளுக்குச் செல்லுங்கள். பிளாட் போட்டு விற்ற நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். நடுவே கல் நட்டுவைத்த காலிமனைகள். பின்னால் சீமைக் கருவேலங்காடு. சீமைக் கருவேலம் இரவில் எந்த வெளிச்சத்தையும் திருப்பித் தராமல் தட்டையான கறுப்பாக நிற்பதால், அதன் முன்னே ஒரு வீட்டின் போர்டிகோ விளக்கு எரிந்தால் வீடு மேடையில் வைத்ததுபோல் தனித்துத் தெரியும். பாதி கட்டி நின்றுபோன வீட்டில் காவலுக்கு ஒரு பல்பு தொங்கினால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

நம் வீடுகளின் உள்விளக்குகளுக்கும் தனி நிறவரிசை உண்டு. கூடத்தில் டியூப்லைட்டின் நீலம் கலந்த வெண்மை, பூசை மாடத்தில் சிவப்புச் சீரியல் விளக்கு, படுக்கையறையில் பச்சை ஜீரோ வாட்ஸ் பல்பு என ஒரே வீட்டில் மூன்று நிறங்கள் சாதாரணம். அந்தப் பச்சை பல்பை வேறெந்த நாட்டுப் படத்திலும் நான் கண்டதில்லை. டிசம்பரில் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கிறிஸ்தவ வீடுகளின் முன்னே தொங்கும் காகித நட்சத்திரம், கார்த்திகையில் திண்ணை ஓரம் வரிசையாக வைத்த அகல், நோன்பு மாதத்தில் கீழக்கரைச் சந்துகளில் விடியலுக்கு முன் உண்ணும் சஹர் நேரத்தில் விழித்துக்கொள்ளும் வீடுகள் ஆகியவற்றை நான் இரண்டாவதாகவே வைப்பேன். விழாக்கால வெளிச்சம் அழகாக இருக்கும். ஆனால் அது எல்லாருக்கும் காட்டுவதற்காகவே ஏற்றப்பட்டது. யாருக்கும் காட்ட நினைக்காமல் எரியும் விளக்குதான் நம் விஷயம்.

கேள்வி: எந்த நேரத்தில், எந்த அளவுகளில் எடுப்பது? செல்பேசியே போதுமா?
– வாசகர், மண்டபம்

பதில்: நேரத்தைப் பொறுத்தவரை நமக்கு அவசரம் அதிகம். பூமத்திய ரேகைக்கு அருகில், ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருப்பதால் சூரியன் இங்கே செங்குத்தாக இறங்குகிறது. சூரியன் மறைந்ததிலிருந்து அது தொடுவானுக்குக் கீழே 6 பாகை செல்லும்வரையுள்ள அந்தி 21 முதல் 23 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதை ஒட்டிய கால்மணி நேரத்தில்தான் வானத்தின் நீலமும் சன்னலின் மஞ்சளும் ஒன்றையொன்று விழுங்காமல் சமமாக நிற்கும். எனவே இடத்தைப் பகலிலேயே பார்த்துவைத்து, முக்காலியை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். முழு இரவில் எடுப்பது இன்னும் கடினம், இன்னும் நல்லது.

தெருவிளக்கு உள்ள இடத்தில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸ் துவாரம்) 8 என்று வைத்து, ஷட்டரை 8 முதல் 30 விநாடி வரை மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். ஃபோகஸைச் சன்னல் சட்டத்தின் விளிம்பில் கையால் வையுங்கள். தானியங்கி ஃபோகஸ் இருட்டில் அலைந்துகொண்டே இருக்கும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமரில் விடுங்கள். சன்னல் வெள்ளையாக எரிந்துபோகாதபடி வெளிச்ச அளவைக் குறைத்து எடுத்து, ரா கோப்பில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) நிழல்களைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். எரிந்துபோன சன்னலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஃபிலிமில் எடுப்பவராக இருந்தால், ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும்போது ஃபிலிமின் உணர்திறன் குறைந்துபோகும் என்பதால் கணக்கிட்டதைவிடக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

நிறம் தனிப் பிரச்சினை. விளக்கின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகில் அளப்பார்கள்; எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம் கலந்த வெண்மை. பழைய சோடியம் ஆவி விளக்கின் இந்த நிற வெப்பநிலை 2000 கெல்வினை ஒட்டியது. இப்போது அவற்றின் இடத்தைப் பிடித்துவரும் எல்.இ.டி. தெருவிளக்குகள் பெரும்பாலும் 4000 முதல் 6500 கெல்வின் வரையில் உள்ளவை. சோடியம் விளக்கின் ஆரஞ்சு பரவிய பழைய இரவுப் படங்களைப் பார்த்து, அதே நிறத்தை இன்றைய எல்.இ.டி. தெருவில் கணினியில் வரவழைப்பவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைய தெரு வெளிறிய வெண்மையில்தான் இருக்கிறது என்றால் படமும் அப்படியே இருக்கட்டும். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் 3500–4000 கெல்வினில் நிறுத்திவைத்தால் தொகுப்பு முழுவதும் ஒரே குரலில் பேசும்.

செல்பேசியின் நைட் மோட் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து அடுக்கிச் சேர்க்கிறது. இருட்டில் படத்தில் தோன்றும் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நன்றாகக் குறைக்கும், ஆனால் நிழலையெல்லாம் வெளிச்சமாக்கி இரவைப் பகலாக்கிவிடும். வெளிச்ச அளவை நீங்களே கீழே இழுத்துவைத்து எடுத்தால் பயிற்சிக்குப் போதும். கடற்கரைக்கே உரிய இரண்டு தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன்: கச்சான் காற்று வீசும் மாதங்களில் முக்காலியின் நடுக்கொக்கியில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிடாமல் எந்தப் படமும் தெளிவாக வராது, உப்புக்காற்று லென்ஸ் மேல் படிந்து, விளக்கைச் சுற்றிப் பொய்யான ஒளிவட்டத்தை உண்டாக்கும். சிலர் அதையே அழகு என்று வைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: சில வாரங்களுக்கு முன் இரவில் ஓர் இளைஞர் எங்கள் வீட்டு எதிரே முக்காலி வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, 'வெளிச்சத்தைத்தான் எடுக்கிறேன், உங்களை அல்ல' என்றார். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு. அன்றிலிருந்து சன்னலைத் திறக்கவே தயக்கமாக இருக்கிறது. இது கலை என்றால் எங்கள் நிம்மதி என்ன?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: அம்மா, உங்கள் பக்கம்தான் நியாயம். அந்த இளைஞர் உண்மையையே சொல்லியிருக்கலாம். ஆனால் அதை நம்ப வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உங்களுக்கு அதை முன்கூட்டியே புரியவைக்கும் கடமை அவருக்கு இருந்தது.

சட்டத்தைப் பொறுத்தவரை, பொது வீதியில் நின்று ஒரு வீட்டின் வெளிமுகப்பைப் படமெடுப்பதையே குற்றமாக்கும் தனிச்சட்டம் இல்லை. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு, யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு பெண் இயல்பாக எதிர்பார்க்கும் சூழலில், அவருடைய அந்தரங்கமான செயலைப் பார்ப்பதையும் படமெடுப்பதையும் பரப்புவதையும் தண்டனைக்குரியதாக்குகிறது. முதல் முறைக்கே குறைந்தது ஓராண்டுச் சிறை. காம்பவுண்டுக்குள் கால் வைத்தால் அத்துமீறி நுழைந்த குற்றமும் சேரக்கூடும். மீண்டும் அவர் வந்தால் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதிலோ, மறுத்தால் காவல் நிலையத்தில் சொல்வதிலோ தயங்க வேண்டியதில்லை.

இதை எடுக்கும் இளைஞர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் படங்களின் வலிமை முழுவதும் உள்ளே இருப்பதைக் காட்டாமல் விடுவதில்தான் இருக்கிறது என்று முதல் பதிலில் சொன்னேன். அப்படியானால் தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸை மாட்டிச் சன்னலை நெருங்குவது நாகரிகக் குறைவு மட்டுமல்ல, கலையாகவும் தோல்வி. முழு வீடும் தெருவும் சட்டத்துக்குள் வரும் தூரத்தில் நில்லுங்கள். சன்னலில் நிழல் அசைந்தால் ஷட்டரைத் தொடாதீர்கள். படமெடுக்க நினைக்கும் வீட்டுக்குப் பகலில் போய், வீட்டுப் பெரியவரிடம் நீங்கள் யார், எந்தத் தெரு, எதற்காக எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லி, முன்பு எடுத்த படம் ஒன்றைக் காட்டுங்கள். சொல்லிவிட்டால் இயல்பு கெட்டுவிடும் என்பது மேலைநாட்டுத் தெருப்புகைப்பட மரபிலிருந்து இறக்குமதியான வாதம். வீட்டில் விளக்கு போடுபவர்கள் உங்களுக்காக ஒன்றும் மாற்றிப் போடப்போவதில்லை.

பூட்டிய வீடுகள் பற்றி மேலே சொன்ன ஆபத்து இதுதான். செல்பேசியும் பல கேமராக்களும் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கின்றன. ஆளில்லாத வீடு, இருக்கும் இடம், எடுத்த தேதி மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது திருடனுக்கு வரைபடம் தருவதாகும். இடக்குறிப்பை நீக்குங்கள், கதவிலக்கமும் வண்டி எண்ணும் தெரியாதபடி கோணத்தை அமையுங்கள், தெருப் பெயரை எழுதாதீர்கள், வீட்டுக்காரர் ஊருக்கு வந்துபோகும் ஒரு விடுமுறை கடந்த பிறகே வெளியிடுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடியில் இரவு தங்கி, இடிந்த கட்டடங்களை இதே முறையில் எடுக்க விரும்புகிறேன். அனுமதி கிடைக்குமா?
– வாசகர், ராமேசுவரம்

பதில்: பயணிகள் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதே அங்குள்ள நடைமுறை. மேலும் இது சர்வதேசக் கடல் எல்லையை ஒட்டிய, எப்போதும் கண்காணிப்பில் உள்ள பகுதி. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் இருக்கின்றன. தடைசெய்யப்பட்ட இடங்களைப் படமெடுப்பது 1923ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டத்தின் கீழ் வரும். ஆகவே இந்தக் கடற்கரையில் எங்கே இரவில் முக்காலியோடு நிற்பதாக இருந்தாலும், அன்று பகலிலேயே உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்து, அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். ரோந்துக் காவலர் கேட்டால் கேமராத் திரையைத் திருப்பிக் காட்டிவிடுவதே சுருக்கமான வழி.

அனுமதி கிடைத்தாலும் நான் அதை இந்த வகையில் சேர்க்கமாட்டேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்திலும் ரயில் நிலையத்திலும் உள்ளே விளக்கேற்ற எவரும் இல்லை. நீங்கள் டார்ச் அடித்து ஏற்படுத்தும் வெளிச்சம் நாடகமாகத்தான் இருக்கும். அந்த இடிபாடுகளுக்கு அருகே ஓலைக் குடிசைகளில் வாழும் மீனவக் குடும்பங்களின் வீடுகள் உங்களுக்கு வேண்டிய பொருளுக்கு எவ்வளவோ நெருக்கமானவை. பெயர்பெற்ற இடிபாட்டை விட்டுப் பெயரில்லாத வீட்டின் பக்கம் கேமராவைத் திருப்பத் தயாராக இருந்தால், அந்தக் குடும்பங்களிடமும் காவல் நிலையத்திலும் கேட்டு, அந்தியிலேயே எடுத்துத் திரும்பிவிடலாம்.

கேள்வி: எடுத்த படங்களை வண்ணத்தில் வைப்பதா, கறுப்பு வெள்ளையாக மாற்றுவதா? கண்காட்சிக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: வண்ணத்திலேயே வையுங்கள். பிரஸ்ஸாய் என்னும் புகைப்படக்காரர் 1930களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து இரவுகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஈரத் தெருவும் பனிமூட்டமும் அவருக்குத் துணை நின்றன. நம் வீடுகளில் ஒரு சன்னலுக்கும் அடுத்த சன்னலுக்கும் உள்ள வேறுபாடே நிறத்தில்தான் இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் ஜீரோ வாட்ஸ் பல்பும் பூசை விளக்கும் ஒரே சாம்பலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தெருவில் தேங்கும் நீரில் இந்த நிறங்கள் இரட்டிப்பாகும் என்பதால் வடகிழக்குப் பருவமழை நாட்களை வீணாக்காதீர்கள்.

தேர்வில் ஒரே அளவுகோல் போதும்: பளிச்சென்ற படத்தையும், பார்த்தவுடன் 'அழகு' என்று சொல்லவைக்கும் படத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, உள்ளே யார் இருக்கக்கூடும் என்று கேட்கத் தூண்டும் படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். அச்சிடும்போது பெரிய அளவைவிட, கையில் பிடித்துப் பார்க்கும் அளவு இந்தப் படங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். மேட் தாளில் போட்டால் கறுப்பு கொஞ்சம் வெளிறும், பளபளப்புத் தாளில் போட்டால் கண்காட்சி விளக்கு அதில் பிரதிபலிக்கும், ஆகவே இரண்டிலும் ஒரு சோதனைப் பிரதி எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எந்தப் பிரதியைச் சுவரில் மாட்டினாலும், அதற்கு முன் ஒரு பிரதி அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அந்தப் படம் கண்காட்சியில் இடம்பெறக் கூடாது.